தேங்காயும் எலுமிச்சம்பழமும் ஒன்றாக விழுந்த நாள்

புதிதாக அறிவியல் பாடம் எடுக்க வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சோதனைக் குழாயை எப்படிப் பிடிப்பது, கரும்பலகையில் எந்தப் பக்கம் படம் போடுவது, கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எப்படி எழுப்புவது, எல்லாம். அவற்றில் நான் தலையிடப் போவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் பேனாவைத் தொட்டால் தன் வெற்றியைப் பற்றித்தான் எழுதுவார். நானும் ஒரு வெற்றியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த வெற்றி எதனால் வந்தது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. எங்கள் தலைமையாசிரியர் அது தேங்காயால் வந்தது என்றார். நான் பால் டின்னால் வந்தது என்றேன். அவருடைய கட்சியில்தான் ஆள் அதிகம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பேட்டையின் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் கூட, இந்த மாதம் யாருக்குச் சீட்டுக் கிழியும் என்பதுதான் பேச்சு. ரயில்வே ஊழியர்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். பள்ளி என்று பெருமையாகச் சொல்கிறேன். ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், வாடகைக்கு எடுத்த மாடி வீடு அது. கீழே சின்னப் பிள்ளைகள், மேலே பெரிய பையன்கள், முன்னால் ஒரு சிமெண்டு முற்றம். பக்கத்தில் ரயில் போனால் பாடத்தை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவோம். சில நாட்களில் எந்த வார்த்தை என்று பையன்கள்தான் ஞாபகப்படுத்துவார்கள்.

அரசாங்கம் கொடுத்துவந்த மானியத்தில்தான் மேல் வகுப்பு நடந்தது. செலவைக் குறைக்கிற காலம் என்பதால், இந்தப் பள்ளிக்கு மானியம் தேவைதானா என்று பார்த்துச் சொல்ல வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருகிறார் என்று தகவல் வந்தது. அறிவியல் பாடத்தைத்தான் பார்க்கப் போகிறாராம். மானியம் நின்றால் மேல் வகுப்பை மூட வேண்டும். மூடினால் அந்தப் பையன்கள் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. எழுதினால் எங்காவது ஓர் ஆபீசில் கிளார்க் வேலைக்கு மனுவாவது போடலாம். எழுதாவிட்டால் அப்பன் செய்த வேலைதான், அதுவும் அப்பனுக்கே மிச்சமிருந்தால். என் நிலைமையில் இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. மேல் வகுப்பு இல்லையென்றால் நானும் இல்லை. அந்த வாரம் என் மனைவி நாங்கள் கப்பலில் கொண்டுவந்து பரணில் போட்டிருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள்.

"எதுக்கு இப்ப இது?" என்று கேட்டேன்.

"சும்மா. பூச்சி வருதுன்னு."

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். 

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதிகாரி என்று ஒருவர் வந்தால் மட்டும் கை கால் ஓடாது. வருகிறவர் எதைக் கேட்பார், எந்தப் பதிலைக் கேட்டால் மகிழ்வார் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அந்தப் பதிலைப் பையன்களுக்கு மனப்பாடம் செய்வித்துவிடுவார். அவர்கள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்கும். இந்த வித்தையில் எங்கள் பள்ளிக்கு ஈடாக அந்த வட்டாரத்தில் வேறு பள்ளி கிடையாது.

நான் இளைஞன். எனக்கு அது பிடிக்கவில்லை. துரை கண்ணால் பார்க்கும்படி ஒரு சோதனை செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். கனமான பொருள் சீக்கிரம் விழும், லேசானது மெதுவாக விழும் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். பையன்களும் நம்பினார்கள். அவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மாறாத நம்பிக்கை அது. மாடி வராந்தாவிலிருந்து கனமானதையும் லேசானதையும் ஒரே நேரத்தில் விட்டால் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொடும். முந்தின நாள் மாலை ஒரு வரைபலகையில் பெரிய கல்லையும் கூழாங்கல்லையும் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரே சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"கல்லா?" என்று எழுந்தே விட்டார். "தொரை நிக்கிற எடத்துல மேலேருந்து கல்லப் போடப் போறீங்களா மாஸ்டர்? நம்மள என்ன நெனைப்பாரு?"

"அப்ப ஒரு இரும்புக் குண்டு?"

"சிமெண்டு ஒடஞ்சா தவுக்கே சும்மா விடுவாரா? நீங்க கட்டிக் குடுப்பீங்களா?"

அவர் மேசையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் குடுமியோடு ஒரு தேங்காய், பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். இன்ஸ்பெக்டர் வந்து போனதும் பிள்ளையாருக்கு உடைப்பதாக வேண்டிக்கொண்டு வாங்கி வைத்திருந்தார். ஒன்று கனம், ஒன்று லேசு. இரண்டும் உருண்டை. தூரத்திலிருந்து பார்த்தாலும் எது எது என்று தெரியும். தவுக்கேயின் சிமெண்டுக்கும் ஆபத்தில்லை. இவ்வளவு பொருத்தமான கருவியை லண்டனிலிருந்து தருவித்தாலும் கிடைக்காது என்று நினைத்தேன்.

"இதையே போட்டா என்ன சார்?"

"சாமிக்கு வாங்குனது..." என்று இழுத்தார். பிறகு அவரே, "சரிலா, வேற வாங்கிக்கலாம். மொதல்ல மானியம் வரட்டும்" என்றார்.

இளைஞர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.

துரை காலையில் வந்தார். ஒல்லியாக, முகம் சிவந்து, பல ராத்திரி சரியாகத் தூங்காதவர் போல இருந்தார். எந்தப் பள்ளியை மூடலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற வேலை அவருக்கும் இனிக்கவில்லை என்று தோன்றியது. தொப்பியைக் கழற்றி முற்றத்து ஓரத்தில் ஒரு நாற்காலியில் வைத்தார். கமிட்டித் தலைவரான ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். மேல் வகுப்புப் பையன்கள் வரிசையாக நின்றார்கள். நான் மாடியில் பலகையோடு நின்றேன். துரையோடு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"கவனமாகப் பாருங்கள்!" என்று மேலிருந்து கத்திவிட்டுப் பலகையைச் சாய்த்தேன்.

இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. மேலிருந்து எனக்கு அது தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் செய்து காட்டிய சோதனைகளில் அவ்வளவு சுத்தமாக வந்தது வேறொன்றில்லை.

அதைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

தேங்காய் சிமெண்டில் பட்டுச் சிதறியதும் கீழே "ஓ" என்று ஒரு கூச்சல் எழுந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் சிதறுகாய் பொறுக்கி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். உடைந்த தேங்காயைக் கண்டால் கால் தானாகப் பாயும். மூளையைக் கேட்டுக்கொண்டு இருக்காது. மொத்த வகுப்பும் முற்றத்தில் விழுந்து புரண்டது. ஒருவன் துரையின் கால்களுக்கு நடுவே கை விட்டு ஒரு சில்லை எடுத்தான். நாற்காலி சாய்ந்தது. தொப்பியை யார் மிதித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் பலர் மிதித்தார்கள். கமிட்டித் தலைவர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. அதை யாரும் லட்சியம் செய்யவில்லை.

நான் படியிறங்கி ஓடி வருவதற்குள் துரை ஒரு பையனைப் பிடித்து நிறுத்தியிருந்தார். தர்மலிங்கம் என்று பெயர். ரயில் கார்டு ஒருவரின் மகன். வகுப்பிலேயே பெரிய விதண்டாவாதி. விடிந்தால் யாரோடு மல்லுக்கு நிற்கலாம் என்று எழுந்திருப்பவன். அவன் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"என்ன பார்த்தாய்?" என்று துரை கேட்டார்.

"நல்ல காய், சார்," என்றான் தர்மலிங்கம். "அழுகல் இல்லை."

"அந்தப் பழம்?"

"எந்தப் பழம், சார்?"

துரை தொப்பியை எடுத்துத் தட்டி, பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உங்கள் பையன்களுக்கு வேகம் இருக்கிறது. கண் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதற்குள் அவர்களால் தின்ன முடியாத எதையாவது ஏற்பாடு செய்யுங்கள்."

அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.  மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் கால் போன போக்கில் தெருவுக்கு வந்தேன். பின்னாலேயே எங்கள் கணக்கு மாஸ்டரும் வந்தார். அவர் என்னைவிடச் சில வருடம் மூத்தவர். எதற்கும் பதறாதவர். மற்றவர்கள் பதறுவதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.

நாகூர்க்காரர் ஒருவர் கோப்பிக்கடை வைத்திருந்தார். பாய் என்று கூப்பிடுவோம். அங்கே போய் உட்கார்ந்தோம்.

"எல்லாம் போச்சு," என்றேன். "கண்ணு முன்னாடி ரெண்டும் ஒண்ணா விழுது. ஒருத்தன் பாக்கலியே!"

கணக்கு மாஸ்டர் கோப்பியை ஊதிக் குடித்தார். "நீங்க மேலேருந்து தேங்காயப் போட்டீங்க. அவங்க தேங்காயப் பாத்தாங்க. தப்பு எங்க இருக்கு?"

"எலுமிச்சம்பழமும்தானே போட்டேன்."

"யோவ், நம்ம ஆளுங்ககிட்ட தேங்காய ஒடச்சுக் காட்டிட்டு எலுமிச்சம்பழத்தப் பாருன்னா எவன் பாப்பான்? அதப் பாத்ததும் கோயில் ஞாபகம். நல்லா ஒடஞ்சுதா, அழுகலான்னுதான் பாப்பான். அவனுக்குப் பழக்கமே இல்லாத ஒண்ணக் காட்டுங்க. அப்பத்தான் கண்ணத் தொறப்பான்."

சொல்வது சுலபம். எனக்கு அந்தத் தகரப் பெட்டிதான் கண்ணில் நின்றது. தலைமையாசிரியருக்காவது ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு போகலாம் என்று எழுந்தேன். அப்போதெல்லாம் கடையிலிருந்து கோப்பி வாங்கிப் போக வேண்டுமானால் காலிப் பால் டின்னில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு கயிறு கட்டியிருக்கும். மூடியை முழுசாக வெட்டி எடுக்காமல் மடக்கி மூடியிருப்பார்கள். பாய் கொடுத்த டின்னை வாங்கி நாலடி நடப்பதற்குள் என் வெள்ளைக் கால்சட்டையில் சூடாக ஏதோ பட்டது. டின்னின் அடியில் ஓட்டை. கோப்பி கம்பியாக ஊற்றிக்கொண்டிருந்தது.

பாய் பதறிவிட்டார். "ஐயையோ, ஓட்ட டின்னு போல. வேற தரேன்லா சார்."

நான் டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வேணாம் பாய். இதுல இன்னும் ரெண்டு ஓட்ட போட்டுத் தாங்க."

"என்னது?"

"ஆணியால. அடிப் பக்கமா. கோப்பியக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்துங்க. கொஞ்சம் ரோஸ் சிரப்பும் விடுங்க, கலர் நல்லாத் தெரியணும்."

பாய் கணக்கு மாஸ்டரைப் பார்த்தார். "சாருக்கு ஒடம்பு ஏதும்..."

"குடுத்துருங்க பாய்," என்றார் கணக்கு மாஸ்டர். "இன்னிக்கு அவருக்கு நேரம் சரியில்ல."

அந்த டின்னில் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டை டின்னைக் கையில் பிடித்திருந்தால் ஏன் ஒழுகுகிறது? தண்ணீர் விழப் பார்க்கிறது. டின்னை நாம் விழவிடாமல் பிடித்திருக்கிறோம். அதனால் தண்ணீர் டின்னை அழுத்துகிறது, ஓட்டை வழியாக வெளியே வருகிறது. கையை விட்டுவிட்டால்? டின்னும் விழுகிறது, தண்ணீரும் விழுகிறது. கனமோ லேசோ, எல்லாம் ஒரே மாதிரி விழுவதால் ஒன்று மற்றொன்றை முந்தாது, அழுத்தாது. விழுகிற நேரம் முழுவதும் ஒழுகுவது நின்றுவிடும். தண்ணீருக்குத் தன் எடையே மறந்துபோன மாதிரி. நாமே அந்த டின்னுக்குள் இருந்து விழுந்தாலும் அப்படித்தான். தரையைத் தொடும்வரை நமக்கு எடை தெரியாது. தொட்ட பிறகு நன்றாகத் தெரியும். ஐரோப்பாவில் இதையே பிடித்துக்கொண்டு ஒருவர் பிரபஞ்சத்தின் கணக்கையே மாற்றி எழுதினார். எனக்கு வேண்டியிருந்தது மேல் வகுப்புக்கு ஒரு மானியம்.

நான் ஓட்டைகளை விரல்களால் அடைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடிய அதே நேரத்தில், தலைமையாசிரியர் சும்மா இருக்கவில்லை. காலையில் பையன்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதை மேல் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்து, ஒரே குரலில் வரும்வரை ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார். சோதனை மாறிவிட்டது என்று அவரிடம் சொல்ல நான் மாடியேறினேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடினார். பையன்களும் ஓடினார்கள். வராந்தாவில் நானும் டின்னும்தான் மிச்சம்.

துரை இந்த முறை தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

டின்னை வராந்தாவுக்கு வெளியே நீட்டி, ஓட்டைகளிலிருந்து விரல்களை எடுத்தேன். ரோஸ் நிறத்தில் கம்பி கம்பியாக முற்றத்தில் ஊற்றியது. துரை ஓரடி பின்னால் நகர்ந்தார். "டின்னைப் பாருங்கள்!" என்று கத்திவிட்டுக் கையை விட்டேன். விட்ட கணமே கம்பிகள் நின்றன. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. டின் அப்படியே போய்த் தரையில் மோதி, மொத்தத் தண்ணீரும் அங்கே சிதறியது.

உடனே கீழேயிருந்து முழக்கம் கிளம்பியது.

"எடை வேறுபட்டாலும் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை அடைந்தன, சார்!"

 விழுந்தது ஒரே ஒரு டின். நான் இறங்கி ஓடி வந்தேன். தலைமையாசிரியரின் மேல்துண்டு நெற்றியிலேயே நின்றிருந்தது.

"இரண்டா?" என்றார் துரை. "நான் ஒன்றைத்தானே பார்த்தேன். எந்த இரண்டு?"

 சொல்லிக் கொடுத்த பாடத்தில் அதற்குமேல் இல்லை. துரை குனிந்து நசுங்கிய டின்னை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறியது.

"ஓ! டின்னும் தண்ணீரும்!"

"யெஸ் சார்!" என்றது வகுப்பு.

ஒப்பித்த பதில் கேள்வி மாறி வந்து சரியாக உட்கார்ந்திருந்தது. வேண்டுமென்று செய்தால்கூட அப்படி வராது. துரை என் பக்கம் திரும்பினார். "இதை இவர்களே யோசித்துச் சொன்னார்களா? யாரும் சொல்லிக் கொடுக்காமலா?"

தூண் மறைவில் நின்றிருந்த கணக்கு மாஸ்டர் ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார். தலைமையாசிரியரின் கண்கள் என்னைக் கும்பிட்டன. ஒரே ஒரு வார்த்தை. அதோடு மானியம், மேல் வகுப்பு, என் வேலை, எல்லாம் பத்திரம்.

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நேர்மை என்று நினைத்து என்னைப் பாராட்டிவிடாதீர்கள். பயம்தான். இந்த ஆள் குனிந்து டின்னைத் திருப்பிப் பார்க்கிற ரகம். நான் ஆமாம் என்றால் அடுத்த கேள்வியை அவரே பையன்களிடம் கேட்பார். அதில் எல்லாரும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம். அவர் கேட்பதற்குள் நான் கேட்டுவிட வேண்டும். அதுவும் யாருமே ஒப்பித்திருக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும்.

டின்னை வாங்கி, நிமிர்த்தி, கணக்கு மாஸ்டர் கடையிலிருந்து கொண்டுவந்த மிச்ச ரோஸ் சிரப்பை விட்டு மறுபடி தண்ணீர் நிரப்பினேன். 

"இப்போது இதை மேலே தூக்கிப் போடப் போகிறேன். கீழே வரும்போது ஒழுகாது. பார்த்துவிட்டீர்கள். மேலே போகும்போது ஒழுகுமா, ஒழுகாதா?"

பையன்கள் வழக்கப்படி தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கே தெரியாது என்பதை அன்றுதான் பையன்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். அடுத்து துரையைப் பார்த்தார்கள்.

"மேலே போகும்போதா?" என்றார் துரை. "ஒழுகும். விழவில்லையே."

"ஒழுகும், சார்!" என்று வகுப்பே சொன்னது. கமிட்டித் தலைவரும் சேர்ந்து சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துரை சொன்னது தவறு. இந்த டின்னைத் தூக்கிப் போட்டால், யார் கையில் எங்கள் மானியம் இருக்கிறதோ அவர் தவறு என்று பையன்கள் முன்னால், கமிட்டி முன்னால், ரோஸ் நிறத்தில் தெரியப் போகிறது. கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

"ஒழுகாது," என்று ஒரு குரல். தர்மலிங்கம். வேறு யார்?

"ஏன்?" என்றார் துரை.

"தெரியாது, சார். எல்லாரும் ஒழுகும்ன்றாங்க," என்றான்.

தூக்கிப் போட்டேன். அந்த முற்றத்தில் இருந்த அத்தனை கண்ணும் அந்த டின்னின் மேல் இருந்தது. தேங்காய்க்குக் கூட அப்படி ஒரு பார்வை கிடைக்கவில்லை. பந்தயம் கட்டியவர்களைப் போல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். டின் என் கையை விட்டதும் கம்பிகள் நின்றன. மேலே போனது, ஒழுகவில்லை. உச்சியில் நின்ற மாதிரி நின்றது, ஒழுகவில்லை. இறங்கியது, ஒழுகவில்லை. நான் கையில் பிடித்த மறுகணம் பழையபடி ஊற்ற ஆரம்பித்தது.

 ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது போய் முடியும்வரை நான் துரையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொடுங்கள் இங்கே," என்றார்.

தொப்பியைக் கமிட்டித் தலைவர் கையில் கொடுத்துவிட்டு டின்னைத் தூக்கிப் போட்டார். பிடித்தார். மறுபடி போட்டார். அவருடைய வெள்ளை உடுப்பெல்லாம் ரோஸ் நிறம். தண்ணீர் தீர்ந்ததும் ஒரு பையன் ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தான். மறுபடி போட்டார். தூங்காத அந்த முகத்தில் ஒரு பள்ளிப்பிள்ளை எட்டிப் பார்த்தது. எத்தனை தரம் போட்டார் என்று கணக்கு மாஸ்டருக்குத்தான் தெரியும்.

கடைசியில் மூச்சு வாங்கக் கேட்டார். "ஏன்? யாராவது சொல்லுங்கள்."

தர்மலிங்கம் கொஞ்சம் யோசித்தான். அவன் யோசித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மேலே போகுதா, கீழே வருதாங்கிறது அதுக்குத் தெரியாது, சார். கையில புடிச்சாத்தான் தண்ணிக்கும் டின்னுக்கும் சண்டை. விட்டுட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் போகுது."

இங்கிலீஷும் தமிழும் கலந்துதான் சொன்னான். அதைவிடச் சரியாக நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.  அந்தப் பயலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாளே அவன் என்னிடம் வேறொன்றுக்கு வாதாடி அந்த ஆசையைப் போக்கிவிட்டான்.

துரை காரில் ஏறும்போது தலைமையாசிரியரின் கையைக் குலுக்கினார். மானியம் தொடரும் என்றார். இவ்வளவு ஒழுங்காக, ஒரே குரலில் பதில் சொல்லும் வகுப்பை வேறெங்கும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். என்னைப் பார்த்து, கால்சட்டையில் கோப்பிக் கறை இருக்கிறது என்றார்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "என்னாச்சு?" என்று கேட்கவில்லை. "பூச்சி போயிருச்சு, பெட்டிய மேல வச்சுரு" என்றேன். அழுதுவிட்டாள்.

அடுத்த சில வாரங்களுக்குக் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒழுகாத பால் டின்னே கிடையாது. பிள்ளைகள் கண்ட இடத்திலெல்லாம் தூக்கிப் போட்டார்கள். காயப்போட்ட துணியெல்லாம் நனைகிறது என்று தாய்மார்கள் கமிட்டியிடம் முறையிட்டார்கள். அது எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. மற்றபடி ஊரில் பரவியது வேறு செய்தி. துரை வந்தாரா, மாடியிலிருந்து தேங்காய் உடைத்தார்களா, மானியம் கிடைத்ததா, அவ்வளவுதான். கிள்ளானில் ஒரு பள்ளியில் இன்ஸ்பெக்டர் வந்தபோது, அவர் தேங்காய் உடைத்தால் மகிழ்கிறவர் என்று கேள்விப்பட்டு மாடியிலிருந்து ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அது அழுகல். அந்தத் தலைமையாசிரியர் எங்களிடம் வந்து, எந்தக் கடையில் காய் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மானியப் பணம் வந்ததும் மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைத் தடுத்து, அறிவியல் அறை என்று பலகை மாட்டினோம். திறப்பு விழாவுக்கு முன் தலைமையாசிரியர் என்னிடம் வந்தார். கையில் தட்டு. தட்டில் தேங்காயும் எலுமிச்சம்பழமும்.

"நீங்கதான் போடணும் மாஸ்டர். உங்க கைராசி. அன்னிக்கு மாதிரியே, பலகையில வச்சு."

"சார், அது பூசை இல்ல. சோதனை."

"அதான் நானும் சொல்றேன்."

சரி, இந்த முறையாவது செய்வோம் என்று நினைத்தேன். முற்றத்தில் கமிட்டி, பெற்றோர், பையன்கள் என்று பெரிய கூட்டம். பலகையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். இரண்டும் ஒன்றாக விழுவதை நானாவது இன்னொரு முறை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பலகையைச் சாய்த்தேன். கீழே பளீரென்று ஒரு சத்தம். தேங்காய் பெரிய பெரிய சில்லாக உடைந்து, வெள்ளை வெளேரென்று முற்றத்தில் கிடந்தது. கூட்டம் "ஓ" என்றது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இனி பள்ளிக்கு ஒன்றும் வராது என்று தோன்றியது. கைகூடக் குவிந்துவிட்டது போலிருக்கிறது.

கணக்கு மாஸ்டர் மாடிப்படியில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சா?"

நான் கீழே பார்த்தேன். எலுமிச்சம்பழம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நல்ல காய்," என்றேன். "அழுகல் இல்ல."